ஆழ்கடல் மீனும் பாதரசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பமாக இருக்கும் மருமகளிடம் மாமியார், "மீன் சாப்பிடும்மா, பிள்ளைக்கு மூளை நல்லா வளரும்" என்பார். அன்று மாலையே கைபேசியில் எதையோ படித்துவிட்டு வந்த மகன், "மீனில் பாதரசம் இருக்காம், பத்து மாசமும் தொடாதே" என்பார். இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் அம்மா மனதில் இருப்பது மத்தி. மகன் படித்தது வாள்மீனைப் பற்றி. மீன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் திணித்ததில் வந்த குழப்பம்தான் கீழே உள்ள கேள்விகளில் பாதி.

ஆழ்கடல் மீன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நம் கடற்கரைகளில் ஆழ்கடல் மீன்பிடிப்பு என்றால் கரையை விட்டு நாள்கணக்கில் தொலைவுக்குப் போவது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் சுறாவுக்குத் தூண்டில் போடப் போகிறார்களே, அதுபோல. அங்கே ஆழ்கடல் என்பது தூரத்தைக் குறிக்கிற சொல். உயிரியல்காரர்களுக்கு அது நிஜமாகவே ஆழம்: வெளிச்சம் மங்கிப்போகிற 200 மீட்டருக்குக் கீழே உள்ள கடல்.

இந்தப் பக்கத்தில் இரண்டு கூட்டமும் வரும். ஆழத்திலேயே குடியிருப்பவை ஒரு கூட்டம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பிடிபடும் ஆரஞ்சு ரஃபி, ஜப்பானியர் கின்மெடாய் என்று கொண்டாடும் பெரிய கண்ணுள்ள செம்மீன், போர்ச்சுகலின் மதேரா தீவுக்காரர்கள் நீளத் தூண்டில் இறக்கிப் பிடிக்கும் கறுப்பு வாளை எல்லாம் இதில் சேரும். மேலும் கீழும் போய்வந்து, இரைக்காக ஆழத்தில் இறங்கும் வாள்மீனும் பெருங்கண் சூரையும் இன்னொரு கூட்டம்.

நடுக்கடலில் ஆலை எதுவும் இல்லையே, பாதரசம் எங்கிருந்து வருகிறது?

காற்றில் வருகிறது. எரிமலைகள் கொஞ்சம் கொடுக்கின்றன. நிலக்கரி எரிப்பதும், பாதரசம் சேர்த்துத் தங்கம் பிரிக்கிற சிறு சுரங்கங்களும் நிறையக் கொடுக்கின்றன. ஆவியான பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் மிதந்து உலகையே சுற்றி வரும். பிறகு மழையோடு கடலில் இறங்கும். அதனால் "எங்கள் கடல் சுத்தமானது" என்று யாரும் மார்தட்ட முடியாது.

இறங்கிய பாதரசம் அப்படியே இருந்தால் சிக்கல் குறைவு. ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. இந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் எவை என்பது 2013இல்தான் தெரிந்தது. மெத்தில் பாதரசம் உடலுக்குள் சுலபமாக நுழையும், மெதுவாகத்தான் வெளியேறும். மிதவையுயிரியைச் சிறு மீன் தின்ன, சிறு மீனை நடுத்தர மீன் தின்ன, அதைப் பெரிய மீன் விழுங்க, ஒவ்வொரு கையிலும் கந்துவட்டி போல ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இருக்கும் வேட்டை மீனின் தசையில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும்.

ஆழத்துக்குப் போகப் போக ஏன் கூடுகிறது?

மேல்மட்ட நீரில் வெயில் காவல் காக்கிறது. சூரிய ஒளி மெத்தில் பாதரசத்தை உடைத்துவிடும். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அந்தக் காவல் கிடையாது. மேலிருந்து மழைபோல் விழும் செத்த பொருட்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அங்கேயே மெத்தில் பாதரசம் உருவாகிறது. ஹவாய்க் கடலில் நடந்த ஆய்வுகள், 2009இலும் 2013இலும் வந்தவை, இதைத் தெளிவாகக் காட்டின: அதிக ஆழத்தில் மேயும் மீனுக்கு அதிகப் பாதரசம்.

நேரில் ஒப்பிட்டுப் பார்க்கச் சூரைகள் போதும். மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் மேலே மேய்கிறது. அதன் நெருங்கிய சொந்தமான பெருங்கண் சூரை ஆழத்தில் இறங்கி மேய்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அட்டவணையில் முதலாவதன் சராசரி கிலோவுக்கு 0.35 மில்லிகிராம், இரண்டாவதன் சராசரி 0.69. ஏறத்தாழ இரு மடங்கு.

ஆழத்தோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. குளிரில், இருட்டில், அரைப் பட்டினியில் வாழும் மீன்கள் மெதுவாக வளரும், நீண்ட நாள் இருக்கும். ஆரஞ்சு ரஃபி 200 ஆண்டைத் தாண்டியும் வாழக்கூடியது. முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது முப்பது ஆண்டு ஆகும். தட்டில் இருக்கும் துண்டு நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் பிறந்த மீனுடையதாக இருக்கலாம். அத்தனை ஆண்டுச் சேமிப்பும் அந்தத் தசையில்தான். (அதற்கு முதலில் இருந்த ஆங்கிலப் பெயருக்கு 'சளித்தலையன்' என்று பொருள். விற்பனைக்காகத்தான் ஆரஞ்சு ரஃபி ஆக்கினார்கள்.)

எண்ணிக்கையில் சொல்லுங்கள். எந்த மீனில் எவ்வளவு?

அதே அமெரிக்க அட்டவணையின் சராசரிகள், கிலோவுக்கு மில்லிகிராமில்: வாள்மீனும் சுறாவும் 1ஐ ஒட்டி நிற்கின்றன. ஆரஞ்சு ரஃபி 0.57. டப்பாவில் வரும் வெள்ளைச் சூரையான ஆல்பகோர் 0.35, லைட் என்று எழுதியிருக்கும் டப்பா 0.13. சாமன் 0.02. நெத்திலி 0.016, மத்தி 0.013.

இதை உடம்புக் கணக்கில் போட்டால்தான் புரியும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை தாங்கலாம் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். 100 கிராம் வாள்மீன் துண்டு ஒன்றே அந்தக் கணக்கை முடித்துவிடும். அதே அளவை மத்தியில் எட்டிப்பிடிக்க வாரம் 7 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அது நடக்காது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் 1.3 என்று இன்னும் இறுக்கியது. அப்போதும் மத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. வாள்மீன் துண்டுதான் சிறுத்தது.

மினமாட்டாவில் நடந்தது எனக்கும் நடக்குமா?

நடக்காது. அது வேறு அளவு. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ ஆலை பாதரசக் கழிவைப் பல ஆண்டு நேராகக் கடலில் கொட்டியது. அங்குள்ள மீனிலும் சிப்பியிலும் கிலோவுக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல்கூட இருந்தது. மக்கள் அதை அன்றாடம் சாப்பிட்டார்கள். முதலில் ஊர்ப் பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு வாய் திறந்து ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. நோயாளிகள் என்று சான்று பெற்றவர்கள் மட்டும் 2,200க்கும் மேல். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்பட்ட உலக உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மினமாட்டா கற்றுக்கொடுத்த ஒரு விஷயம் மட்டும் சின்ன அளவுகளுக்கும் பொருந்தும். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்க, பிறந்த குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும். தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அப்படியானால் மீன் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்?

இந்தத் துறையே முப்பது ஆண்டாக மல்லுக்கட்டுகிற கேள்வி இது. இரண்டு தீவுக்கூட்டங்கள், இரண்டு விடைகள்.

வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள். 1986–87இல் அங்கே பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கருவில் அதிகப் பாதரசம் பெற்ற பிள்ளைகள் ஏழு வயதில் மொழி, நினைவு, கவனம் ஆகியவற்றில் சற்றுப் பின்தங்கியதாக 1997இல் அறிவித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ். அங்கே தாய்மார்கள் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிடுபவர்கள். அவர்கள் தலைமுடியில் இருந்த பாதரசம் ஃபாரோ தாய்மார்களைவிட அதிகம். ஆனாலும் பிள்ளைகளிடம் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை.

ஏன்? ஃபாரோக்காரர்களுக்குப் பாதரசம் பெரும்பாலும் வந்தது மீனிலிருந்து இல்லை. பைலட் திமிங்கிலக் கறியிலிருந்து. அதன் கொழுப்பில் வேறு தொழிற்சாலை நச்சுகளும் இருந்தன. செஷல்ஸ்காரர்கள் சாப்பிட்டது பலவகைக் கடல்மீன். பாதரசத்தோடு மீனின் சத்துகளும் கூடவே போயின. பிற்பாடு செஷல்ஸிலேயே இன்னொரு குழந்தைக் கூட்டத்தை எடுத்து, தாய்க்குக் கிடைத்த ஒமேகா-3 கொழுப்பைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது, பாதரசத்தின் தீமை கொஞ்சம் தலைகாட்டியது. அதாவது தீமை இல்லாமல் இல்லை. நன்மை அதை மூடியிருந்தது. என்னைக் கேட்டால், ஒரே தட்டில் இரண்டும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2007இல் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: கர்ப்ப காலத்தில் வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளே மொழித்திறன் சோதனையில் பின்தங்கினார்கள். 2008இல் ஃபாரோ தீவுகளின் மருத்துவ அதிகாரிகள், பைலட் திமிங்கிலத்தை உணவாகவே கொள்ள வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். மீனை விடச் சொல்லவில்லை.

செலினியம் பாதரசத்தை முறித்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. செலினியம் என்பது உடம்புக்குக் கொஞ்சமாகத் தேவைப்படும் ஒரு தாதுச்சத்து. கதை 1967இல் தொடங்குகிறது. செக்கோஸ்லோவாகியாவில் இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பாதரச உப்போடு செலினியத்தையும் கொடுத்தார்கள், சிறுநீரகம் தப்பியது. 1972இல் அமெரிக்காவில் ஜப்பானியக் காடைகளுக்கு மெத்தில் பாதரசம் கலந்த தீனி போட்டார்கள். அதில் சூரை மீனும் கலந்திருந்த காடைகள், சோளமும் சோயாவும் மட்டும் தின்றவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. சூரையில் இருந்த செலினியம்தான் காப்பாற்றியது என்று கருதினார்கள்.

செலினியம் பாதரசத்துக்கு விலங்கு மாட்டுகிறது என்பதே அன்றைய விளக்கம். திமிங்கிலங்களின் ஈரலில் பாதரசமும் செலினியமும் ஒன்றோடொன்று இறுகி, கரையாத தாதுத் துகளாகவே படிந்திருப்பதைப் பார்த்தால் அது தவறில்லை. இன்று இன்னொரு கோணமும் உண்டு. நம் மூளை ஆக்சிஜனால் துருப்பிடிக்காமல் காக்கிற சில நொதிகளுக்குச் செலினியம் தேவை. பாதரசம் கந்தகத்தைவிடச் செலினியத்தை மிக இறுக்கமாகப் பற்றும், பற்றினால் விடாது. ஆக, செலினியம் பாதரசத்தைப் பிடிக்கிறது என்பதைவிட, பாதரசம் செலினியத்தைத் திருடிக்கொண்டு போய் நொதிகளைப் பட்டினி போடுகிறது என்பது பொருத்தம். திருட்டுக்கு மேலும் கையிருப்பு இருக்கிற வீட்டில் அடுப்பு அணையாது.

கையிருப்பை அளக்க எடையைப் பார்க்கக்கூடாது, அணுக்களை எண்ண வேண்டும். பாதரச அணு செலினிய அணுவைவிட இரண்டரை மடங்கு கனம். எனவே ஒரு மீனில் இரண்டும் சம எடையில் இருந்தால் செலினிய அணுக்கள் இரண்டரை மடங்கு. மஞ்சள் துடுப்புச் சூரையில் கிலோவுக்குச் செலினியம் சுமார் 0.9 மில்லிகிராம், பாதரசம் 0.35, அணுக் கணக்கில் செலினியம் ஆறு மடங்குக்கும் மேல். கடல்மீன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் செலினியம் மிஞ்சி நிற்பவை. மாக்கோ சுறாவிலும் பைலட் திமிங்கிலத்திலும் கணக்கு தலைகீழாகிறது. ஃபாரோ தீவில் நடந்ததற்கு இதுவும் ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் இந்த விகிதத்தை வைத்து "இந்த மீன் பாதுகாப்பு" என்று முத்திரை குத்த எந்த நாட்டின் ஆலோசனையும் இன்னும் துணியவில்லை. எல்லாமே பாதரச அளவை மட்டும் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன. எனக்கும் அது சரியென்றே படுகிறது. காடையில் கண்டதைக் கருவில் இருக்கும் பிள்ளையிடம் பரீட்சை பார்க்க முடியாது.

செலினியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாள்மீன் சாப்பிடலாமா?

வேண்டாம். அமெரிக்கப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும்; மேல் வரம்பு 400. கூடினால் முடி கொட்டும், நகம் உடையும். 100 கிராம் சூரையே ஏறத்தாழ 90 மைக்ரோகிராம் கொடுத்துவிடுகிறது.

ஆழ்கடல் மீனில்தானே ஒமேகா-3 அதிகம்?

விளம்பரம் அப்படிச் சொல்லும். ஆரஞ்சு ரஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்பில் பெரும்பகுதி மெழுகு. ஆழத்தில் மிதப்புக்காக உடல் வைத்திருப்பது. நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளான டிஎச்ஏ, இபிஏ அதில் பெயரளவுக்குத்தான். பாதரசம் மத்தியைப்போல் நாற்பது மடங்கு, ஒமேகா-3 மத்தியின் ஒரு சிறு பங்கு. விலையைக் கேட்கவே வேண்டாம். வளரும் மூளைக்குத் தேவையான டிஎச்ஏ மத்தியிலும் சாமனிலும் தாராளமாக இருக்கிறது. வைட்டமின் டி, பி12, அயோடின் ஆகியவற்றுக்கும் இவை போதும்.

எஸ்கோலார் சாப்பிட்டு வயிறு கலங்கியது. அது பாதரசமா?

இல்லை, அதுவும் மெழுகு வேலைதான். எஸ்கோலார் என்ற ஆழ்கடல் மீனின் மெழுகு எண்ணெயை நம் குடல் செரிக்காது. அப்படியே வெளியே வந்துவிடும். ஜப்பானில் அதை விற்கவே தடை.

நன்றாக வேகவைத்தால், புளியில் ஊறவைத்தால், தோலை உரித்தால் போகுமா?

போகாது. மெத்தில் பாதரசம் கொழுப்பிலோ தோலிலோ தங்குவது இல்லை. தசைப் புரதத்தில் பிணைந்திருக்கிறது. கழுவினாலும் பொரித்தாலும் அதே அளவுதான். காயவைத்தால் தண்ணீர் போய் எடை குறையும், பாதரசம் அப்படியே இருக்கும். அதனால் கிராமுக்குக் கிராம் பார்த்தால் கருவாட்டில் கூடுதல். ஆனால் மாசிக் கருவாடு செய்வது பாதரசம் குறைந்த வரிச்சூரையில். அதையும் சம்பலில் இடித்துப் போடுவது ஒரு பிடிதான். இலங்கைக்காரர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீன் எண்ணெய் மாத்திரையில் பாதரசம் இருக்குமா?

மிகக் குறைவு, புரதத்தோடு ஒட்டுவது எண்ணெயில் வராது. கர்ப்பிணிகள் காட் மீனின் ஈரல் எண்ணெயைத் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு: வைட்டமின் ஏ மிகுதி.

வஞ்சிரம் ஆபத்தான பட்டியலில் இருக்கிறதாமே?

அமெரிக்கப் பட்டியலில் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது என்று இருக்கும் 'கிங் மேக்கரல்' அட்லாண்டிக் மீன். நம் வஞ்சிரம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி: அதே பேரினம், வேறு இனம். அந்த எண்ணை அப்படியே தூக்கி இங்கே ஒட்டக்கூடாது. ஆனாலும் இதுவும் வேட்டை மீன்தான். ஒரு கிலோ மீனும் பதினைந்து கிலோ மீனில் வெட்டிய துண்டும் ஒன்றல்ல. மாதம் இரண்டு மூன்று முறை சாப்பிடுபவருக்குப் பிரச்சினை இல்லை. தினமும் அதுதான் வேண்டும் என்பவர் நடுநடுவே சங்கராவுக்கும் கானாங்கெளுத்திக்கும் மாறிக்கொள்ளட்டும்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கலாமா?

பால் ஊறும் என்று தலைமுறையாகக் கொடுத்து வருகிறோம். சுறா என்ற பெயர் பல நாடுகளின் எச்சரிக்கைப் பட்டியலில் நிற்பதால் இந்தக் கேள்வி நியாயமானதே. பாட்டிமார் வாங்கியது பால்சுறா, கையடக்கக் குட்டிச் சுறா. அவை சிறியவை, சேர்த்ததும் குறைவு. நூறு கிலோ சுறாவில் வெட்டி விற்கும் துண்டு வேறு கதை. அதைப் புட்டாக்க வேண்டாம். தாய்ப்பால் வழியாகப் போவது நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. பயந்து பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. ஒரு வேளை, இரு வேளை குட்டிச்சுறாப் புட்டு சாப்பிட்டவளைப் போய் மிரட்டவும் வேண்டாம். தினமும் என்றால் நெத்திலிக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறேன், கர்ப்பமாக இருக்கிறேன். இங்கே என்ன சொல்கிறார்கள்?

பிரிட்டனில் சுறா, வாள்மீன், அதைப்போலவே நீண்ட மூக்குள்ள மார்லின் வேண்டாம். சூரை என்றால் வாரம் நான்கு டப்பா அல்லது இரண்டு துண்டு வரை. கனடாவில் டப்பாவில் வராத சூரை, சுறா, வாள்மீன், மார்லின், ஆரஞ்சு ரஃபி, எஸ்கோலார் எல்லாம் சேர்த்து மாதம் 150 கிராம். ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு ரஃபி வாரம் ஒரு முறை, அந்த வாரம் வேறு மீன் கிடையாது. சுறா என்றால் இரு வாரத்துக்கு ஒரு முறைதான். அங்கே மீன்-சிப்ஸ் கடையில் 'ஃபிளேக்' என்று விற்பது சுறா என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானில் 2005இல் திருத்திய ஆலோசனைப்படி கின்மெடாய், வாள்மீன், பெருங்கண் சூரை போன்றவற்றில் ஏதாவது ஒன்று, வாரம் ஒரு முறை, 80 கிராம். பாதரசம் குறைந்த மீனை வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடுங்கள் என்று அமெரிக்கா வற்புறுத்தவே செய்கிறது. கணவர் படித்த செய்தியில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வரிதான்.

ஏற்கெனவே நிறையச் சாப்பிட்டுவிட்டேன். வெளியேறுமா?

வெளியேறும். ஏறத்தாழ 50 நாளில் பாதியாகும், அடுத்த 50 நாளில் அதில் பாதி. ஓராண்டு நிறுத்தினால் கணக்கில் வராத அளவுக்கு இறங்கிவிடும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் சில மாதம் முன்பிருந்தே பெரிய வேட்டை மீன்களை விடுவது நல்லது. கர்ப்பம் உறுதியான பிறகு விடுவது சற்றுத் தாமதம். சந்தேகமிருந்தால் ரத்தத்தையோ தலைமுடியையோ பரிசோதிக்கலாம். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் எந்த மாதம் எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிடும். 'நச்சு நீக்கும்' மருந்துகளைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மீன் கடையில் நின்று இதையெல்லாம் எப்படிக் கணக்குப் போடுவது?

முழு மீனாக வாங்கினால் கண்ணெதிரிலேயே தெரியும்: தட்டுக்குள் அடங்குகிற மீன் அனேகமாகச் சரி. வெட்டி வைத்த துண்டாக இருந்தால் நடுமுள்ளைப் பாருங்கள். அது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டமாக இருந்தால் மீன் பெரியது, வயதானது. அன்றைக்குப் பக்கத்துக் கூடையில் இருக்கிற மத்தியை வாங்கிக்கொள்ளுங்கள்.